ஃபியூல் செல்லுக்கு அனுமதி கொடுக்கும் முன்: எரிசக்திச் சந்தை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

எரிசக்திச் சந்தை ஆணைய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரில் ஒரு தரவு நிலையத்தில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. ஜென்செட் என்கிற டீசல் ஜெனரேட்டர், யூபிஎஸ், குளிரூட்டுகிற சில்லர், இவற்றோடுதான் என் பொழுது போகிறது. கொள்கை வகுக்கிற மேசையில் எனக்கு இடமில்லை, ஆனால் நீங்கள் அங்கே வகுக்கிற கொள்கை கடைசியில் எங்கள் மொட்டைமாடியிலோ பின்பக்க முற்றத்திலோ ஒரு பெட்டியாக வந்து இறங்குகிறது, அதற்கு வடிகட்டி மாற்றுவதும் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் ஓடுவதும் நாங்கள்தான். அதனால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயம் எரிபொருள் மின்கலம். எங்கள் தொழிலில் ஃபியூல் செல் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சுத்த ஹைட்ரஜனில் ஓடுகிற வகை இல்லை நான் பேசப்போவது. இயற்கை எரிவாயு, உயிர்வாயு, மெத்தனால், ஏன் கரித்தூள்கூட, இப்படிக் கார்பன் உள்ள எரிபொருளைத் தீ மூட்டாமல் நேரடியாக மின்சாரமாக்குகிற வகை. தரவு நிலையக்காரர்கள் இதைப் பற்றி ரொம்பப் பேசத் தொடங்கிவிட்டார்கள், காரணமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கே போகிறது. 2019இலிருந்து சில ஆண்டுகள் புதிதாகக் கட்டவே விடவில்லை. 2024இல் பசுமைத் தரவு நிலையத் திட்டம் வந்தபோது இன்னும் 300 மெகாவாட்டாவது தருகிறோம் என்றார்கள், ஆனால் அதை வாங்க வருகிறவர் பசுமையாக வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவிலோ மின்கம்பி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாத நிறுவனங்கள் இந்தப் பெட்டிகளைக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிறுத்துகின்றன. அந்த விற்பனையாளர்கள் இங்கேயும் வருவார்கள், வந்துகொண்டும் இருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். ஃபியூல் செல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் விளம்பரத்தில் இருக்கிற திறன் விழுக்காட்டை, அதாவது எரிபொருளின் ஆற்றலில் எவ்வளவு மின்சாரமாகிறது என்ற எண்ணை, பார்த்து அனுமதி தராதீர்கள். அதன் கழிவுக்குழாயில் கரியமிலவாயு தனியாக வருகிறதா, காற்றோடு கலந்து வருகிறதா என்று பாருங்கள். தனியாக வந்தால் அது நமக்குப் புதிய விஷயம். கலந்து வந்தால் நம்மிடம் ஏற்கனவே இருக்கிற எரிவாயு மின்நிலையம்தான் அதுவும், அளவில் சின்னது, விலையில் பெரியது, அவ்வளவே.

ஏன் என்று விளக்க, உள்ளே நடப்பதைச் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அடிப்படையில் அது ஒரு மெல்லிய பீங்கான் தகடு, யிட்ரியம் சேர்த்த சிர்கோனியா. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எரிவாயு. 700, 800 டிகிரிக்குச் சூடேற்றினால் அந்தப் பீங்கானுக்குள் ஆக்சிஜன் அயனிகள் நகரத் தொடங்கும். ஆக்சிஜன் மட்டும்தான். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிற நைட்ரஜனால் உள்ளே நுழையவே முடியாது. அந்தப் பக்கம் போய்ச்சேர்ந்த ஆக்சிஜன் எரிவாயுவோடு சேர்ந்து நீராவியும் கரியமிலவாயுவும் ஆகிறது, அப்போது விடுபடுகிற எலெக்ட்ரான்கள் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு வருகின்றன. தீயும் இல்லை, டர்பைனும் இல்லை, சத்தமும் அதிகமில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகள் கிட்டத்தட்ட வருவதே இல்லை. ஜென்செட் அறையில் காதில் மஃப் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

மரீனா பே சாண்ட்ஸில் நடந்த ஒரு கண்காட்சியில் அப்படி ஒரு தகட்டைக் கையில் கொடுத்தார்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, எடை என்று ஒன்றும் தெரியவில்லை, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கறுப்பு. பச்சையாக இருப்பது நிக்கல் ஆக்சைடு, எரிவாயு பட்டு ஓடத் தொடங்கியதும் ஆக்சிஜனை இழந்து வெறும் நிக்கலாகிச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும் என்றார் அங்கிருந்தவர். ஒரு தகடு தருவது ஒரு வோல்ட்டுக்கும் கம்மி. அதனால் அடுக்கி, அடுக்கியதை மறுபடி அடுக்கி, ஸ்டேக் என்கிறார்கள். கீழே போட்டுவிடாதீர்கள் என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கையை என் கைக்குக் கீழேயே வைத்திருந்தார்.

இதில் நம்மவர் பெருமை ஒன்றும் உண்டு. இந்தப் பெட்டிகளை விற்கிற நிறுவனங்களில் பெரிய பெயரான புளூம் எனர்ஜியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் கே.ஆர். ஸ்ரீதர், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். நாசாவுக்காகச் செவ்வாய்க் கிரகத்தில் கரியமிலவாயுவிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கிற கருவியில் வேலை பார்த்தவர், அதே பீங்கானைத் திருப்பி ஓட்டினால் மின்சாரம் வரும் என்று இந்தப் பக்கம் வந்தார். சந்தோஷம். ஆனால் நம்மவர் என்பதற்காக எண்ணைச் சரிபார்க்காமல் விடமுடியாது, அவரே விடமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

எண் விஷயத்தில் இந்தத் துறைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஃபியூல் செல்லின் மூலத்தை வில்லியம் குரோவ் 1839இலேயே காட்டிவிட்டார். 1894இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் எழுந்து, நிலக்கரியைக் கொளுத்தி நீராவி எஞ்சின் ஓட்டுவது மகா விரயம், பத்தில் ஒரு பங்கைக்கூட உருப்படியாகப் பெறுவதில்லை, கரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கவேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கரி ஆக்சிஜனோடு சேரும்போது உள்ளே போகிற வாயு எவ்வளவோ அவ்வளவு வாயு வெளியே வருகிறது, அதனால் அந்த வினையின் ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதையும் மின்சாரமாக எடுக்கலாம் என்று கோட்பாடு சொல்கிறது. வேறு எந்த எரிபொருளுக்கும் இவ்வளவு நல்ல கணக்கு அமைவது அபூர்வம்.

இரண்டே ஆண்டில், 1896இல், அமெரிக்காவில் வில்லியம் ஜாக்ஸ் என்பவர் செய்தும் காட்டினார். இரும்புப் பானையில் உருகிய காஸ்டிக் சோடா, நடுவில் கரித்தண்டு, அடியிலிருந்து காற்று. நூறு பானைகளை உலைமேல் வைத்துச் சேர்த்து ஓட்டினார். திறன் 82 விழுக்காடு என்று அறிவித்தார். பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. அப்புறம் கணக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். பானையைச் சூடாக வைத்திருக்க உலையில் போட்ட கரியை இவர் கணக்கில் சேர்க்கவில்லை, காற்றை ஊதுகிற பம்புக்கான சக்தியையும் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் 8 விழுக்காடு. போதாக்குறைக்கு, காஸ்டிக் சோடா கரியமிலவாயுவைக் குடித்துக் கார்பனேட்டாகக் கெட்டிப்பட்டுக்கொண்டே போனது.

இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எல்லையை எங்கே போடுகிறோம் என்பதை வைத்து 82ம் வரும், 8ம் வரும். எல்லைக் கோட்டைப் போடுகிற வேலை உங்களுடையது. விற்பவர் போட்டால் அவருக்கு வசதியான இடத்தில்தான் போடுவார், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

இன்றைய கணக்குக்கு வருகிறேன். நல்ல பெட்டி ஒன்று புதிதாக ஓடும்போது எரிவாயுவின் ஆற்றலில் 60 விழுக்காட்டுக்கு மேல்கூட மின்சாரமாகத் தருகிறது, அது உண்மை. புளூமின் தரவுத்தாளே 65 முதல் 53 விழுக்காடு வரை என்கிறது. அந்த வரம்பைக் கவனியுங்கள். தகடுகள் வயதாக ஆக மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணை நோக்கி நகர்கின்றன. மீத்தேனின் கரிக்கணக்கை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம்: 60 விழுக்காட்டில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட்-மணி மின்சாரத்துக்கு, ஏறத்தாழ 330 கிராம் கரியமிலவாயு, 53க்கு இறங்கினால் 375 கிராம். நம் தேசிய மின்கட்டமைப்பு இப்போதே யூனிட்டுக்குச் சுமார் 400 கிராமில் நிற்கிறது. ஏனென்றால் நாம் நிலக்கரி நாடு இல்லை. நம் மின்சாரத்தில் 95 விழுக்காட்டுக்குப் பக்கம் இயற்கை எரிவாயு, அதுவும் பெரும்பாலும் வெப்பத்தை வீணாக்காமல் நீராவி டர்பைனையும் சேர்த்து ஓட்டுகிற கூட்டுச் சுழற்சி ஆலைகள். புதிதாக வருகிற அப்படி ஒரு ஆலையே 60 விழுக்காட்டைத் தொடுகிறது. அமெரிக்காவின் பழைய நிலக்கரி ஆலைகளோடு ஒப்பிட்டுப் பாதிக்குப் பாதி மிச்சம் என்று போட்ட படத்தை ஜூரோங் தீவின் எரிவாயு ஆலைகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மிச்சம் எங்கே போனது என்று தேடவேண்டும்.

கம்பியில் இழப்பு மிச்சமாகுமே என்பார்கள். ஜூரோங் தீவிலிருந்து சாங்கி வரை எவ்வளவு தூரம்? இந்த ஊரில் அந்த வாதம் ரொம்பப் பலவீனம். மேலும் மின்கட்டமைப்பு இப்படியே நிற்கப்போவதில்லை. 2035க்குள் 6 கிகாவாட் இறக்குமதி, அதோடு சூரியசக்தி, புதிய ஆலைகள் 30 விழுக்காடு ஹைட்ரஜனையாவது ஏற்கவேண்டும் என்ற விதி, இதெல்லாம் நீங்களே அறிவித்தவை. மின்கட்டமைப்பு ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகிக்கொண்டே போகும்போது, இன்று வைக்கிற பெட்டி ஆண்டுக்கு ஆண்டு திறன் குறைந்துகொண்டே போகும். இரண்டு கோடுகளும் எந்த ஆண்டில் ஒன்றையொன்று வெட்டும் என்று விண்ணப்பத்தில் யாராவது எழுதுகிறார்களா?

இதெல்லாம் சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன்? கழிவுக்குழாய்க்காகத்தான்.

எரிவாயு டர்பைன் தன் தேவைக்கு மேல் ஏராளமான காற்றை உறிஞ்சுகிறது. அதன் புகையில் கரியமிலவாயு 4 விழுக்காடு அளவுதான், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதிலிருந்து கரியமிலவாயுவைப் பிரிப்பது கலக்கின தே தாரிக் தேநீரிலிருந்து சீனியைத் திரும்ப எடுக்கிற வேலை. முடியும், ஆனால் கோபுரம் கோபுரமாக, கரியமிலவாயுவை உறிஞ்சுகிற அமீன் கரைசலும் அதைச் சூடாக்க நீராவியும் வேண்டும், அந்த நீராவிக்காக ஆலையே தன் மின்சாரத்தில் ஒரு பங்கை இழக்கவேண்டும். ஃபியூல் செல்லிலோ நைட்ரஜன் எரிபொருள் பக்கம் வருவதே இல்லை என்று பார்த்தோம். அந்தப் பக்கம் வெளியே வருவது நீராவி, கரியமிலவாயு, தீராத கொஞ்சம் எரிபொருள். குளிரவைத்தால் நீராவி தண்ணீராகிவிடும், மிச்ச எரிபொருளைத் தீர்த்துவிட்டால் கையில் நிற்பது கிட்டத்தட்ட சுத்தமான கரியமிலவாயு. பிரிக்கிற வேலையைப் பீங்கானே செய்துவிட்டது, அதுவும் மின்சாரம் தந்துகொண்டே.

சிங்கப்பூருக்கு இது ஏன் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் காலடியில் வாயுவைப் புதைக்கிற பாறை இல்லை. பிடித்ததைக் கப்பலிலோ குழாயிலோ அண்டை நாட்டுக்குத்தான் அனுப்பவேண்டும், இந்தோனேசியாவோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, ஷெல்லும் எக்ஸான்மொபிலும் சேர்ந்து 2030க்குள் ஆண்டுக்கு 25 லட்சம் டன்னாவது பிடித்து அனுப்புகிற திட்டத்தை ஆராய்வதாக 2024இல் அறிவித்தன. அப்படி அனுப்பும்போது ஒவ்வொரு டன்னைப் பிரிக்கவும் ஆகிற செலவுதான் முதல் தலைவலி. அந்தத் தலைவலியைக் குறைக்கிற கருவி ஒன்று இருக்கிறது என்றால் அதை நாம் பார்க்கத்தான் வேண்டும்.

இங்கேதான் விற்பனைத் தாள் பேசாத ஒரு விஷயம். எரிவாயு முழுவதையும் தகடுகளுக்குள்ளேயே தீர்த்துவிட முடியாது, கடைசித் தகடுகள் பட்டினி கிடந்தால் நிக்கல் கெட்டுப்போகும். அதனால் 15, 20 விழுக்காடு எரிபொருளை மிச்சம் விட்டே வெளியே எடுக்கிறார்கள். அந்த மிச்சத்தை என்ன செய்வது? சாதாரணப் பெட்டிகளில் அதைக் காற்றுப் பக்கத்திலிருந்து வருகிற சூடான காற்றோடு சேர்த்து உள்ளேயே எரித்துவிடுகிறார்கள், அந்தச் சூட்டில் உள்ளே வருகிற காற்றும் வாயுவும் சூடாகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு இடத்தில் நைட்ரஜன் திரும்ப வந்து கலந்துவிடுகிறது! பீங்கான் பாடுபட்டுப் பிரித்ததை நாமே கலந்து குழாய் வழியாக வானத்துக்கு விடுகிறோம். இரண்டு ஓட்டங்களையும் தனித்தனியாக வெளியே எடுக்கிற மாதிரி வடிவமைக்க முடியும், தயாரிப்பாளர்களும் முடியும் என்கிறார்கள், ஆனால் அது தொடக்கத்திலேயே கேட்கவேண்டிய விஷயம். கான்கிரீட் தளம் போட்டு, பெட்டியை இறக்கி, குழாய் பற்றவைத்த பிறகு ‘பின்னாளில் சேர்த்துக்கொள்ளலாம்’ என்பதெல்லாம் நடக்காது. மொட்டைமாடியில் ஒரு குழாய்க்கு அரை மீட்டர் இடம் தேடி நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

உருகிய கார்பனேட் வகை இன்னும் சுவாரசியமானது. 650 டிகிரியில் ஓடுகிறது. அதில் பீங்கானுக்குப் பதில் உருகிய லித்தியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள், ஆக்சிஜன் தனியாகப் போகாமல் கரியமிலவாயுவையும் இழுத்துக்கொண்டு கார்பனேட் அயனியாகப் போகிறது. அப்படியானால் காற்றுப் பக்கம் கரியமிலவாயு கொடுத்தே ஆகவேண்டும். ஒரு மின்நிலையத்தின் புகையை அந்தப் பக்கம் கொடுத்தால்? புகையில் கரைந்து கிடந்த கரியமிலவாயுவை இழுத்து மறுபக்கம் அடர்த்தியாகச் சேர்த்துத் தரும், கூடவே மின்சாரமும் தரும். வழக்கமான பிடிப்பு ஆலை மின்சாரத்தைத் தின்னும், இது கொடுக்கும். எக்ஸான்மொபில் இதை ரோட்டர்டாமில் முன்னோட்டமாகச் செய்துபார்க்க முடிவெடுத்திருக்கிறது. அதே நிறுவனத்துக்கு ஜூரோங் தீவிலும் பெரிய ஆலை இருக்கிறது. இதைப் பற்றி நீங்கள் அவர்களோடு பேசாமலா இருப்பீர்கள், இருந்தாலும் ஒரு பராமரிப்பாளன் ஞாபகப்படுத்தினான் என்று இருக்கட்டும்.

ஆனால் இந்த வகையைப் பெரிய அளவில் வைத்த கொரியாவின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஹ்வாசோங்கில் 2014இல் 59 மெகாவாட் ஆலை, 2.8 மெகாவாட் பெட்டிகள் 21. அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிசு. அதற்கப்புறம் ஸ்டேக்கின் ஆயுள், மாற்றுவதற்கான விலை, பொறுப்பு யாருடையது என்று தயாரித்த நிறுவனத்துக்கும் உள்ளூர்க் கூட்டாளிக்கும் தகராறு முற்றி வழக்குவரை போய்த்தான் தீர்ந்தது. உருகிய கார்பனேட் இரும்பைக்கூட அரித்துத் தின்கிற சரக்கு, ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை ஸ்டேக் மாற்றவேண்டும் என்பதை முதல் நாளே விலையில் எழுதாவிட்டால் இப்படித்தான் முடியும்.

அப்புறம் வரி. கரிம வரி உங்கள் துறையில்லை, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வேலை என்று தெரியும், ஆனால் ஓட்டை உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது. 2026, 2027இல் ஒரு டன் கரியமிலவாயுவுக்கு 45 வெள்ளி. ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் நேரடியாக வெளியிடுகிற வளாகம்தான் கட்டவேண்டும். ஒரு தரவு நிலையம் 8 மெகாவாட் ஃபியூல் செல்லை ஆண்டு முழுக்க ஓட்டினால், மேலே சொன்ன 330 கிராம் கணக்கில், 23,000 டன் சொச்சம். வரம்புக்குக் கீழே. வரி இல்லை. அதே 8 மெகாவாட்டைக் கம்பியிலிருந்து வாங்கினால் மின்நிலையம் கட்டின வரி விலையில் ஏறி வரும், முழுவதும் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்கு 1.8 காசு, ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல். ஒரே எரிவாயு, கிட்டத்தட்ட ஒரே அளவு புகை, ஒன்றுக்கு வரி, ஒன்றுக்கு இல்லை. பிடோக்கில் மூவறை வீட்டில் இருக்கிறவர் தன் எஸ்பி மின்கட்டண பில்லில் அந்த வரியைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறார். யாரும் வேண்டுமென்றே வைத்த ஓட்டை இல்லை இது, சட்டம் எழுதின காலத்தில் கட்டடத்துக்குப் பின்னால் மின்நிலையம் வைப்பார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் 8 மெகாவாட் விண்ணப்பங்களாக வரத் தொடங்கினால் காரணம் தொழில்நுட்பம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

டீசல் ஜென்செட்டுக்குப் பதில் இதை வைக்கலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. பாதி உண்மை. எங்கள் ஜென்செட் மின்சாரம் போனால் பத்து வினாடிக்குள் எழுந்து சுமையைத் தூக்கவேண்டும், மாதாமாதம் ஓட்டிப்பார்க்கிறோம், லோட் பேங்க் என்கிற செயற்கைச் சுமை போட்டும் சோதிக்கிறோம். பீங்கான் ஃபியூல் செல்லைக் குளிர்ந்த நிலையிலிருந்து சூடேற்ற மணிக்கணக்காகும், அவசரப்பட்டால் தகடு விரிசல் விடும். ஆக அது காத்திருக்கிற கருவி இல்லை, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய கருவி. அப்படி ஓட்டினால் மின்கட்டமைப்புதான் அதற்குக் காவல். பெட்டி நின்றால் அந்தச் சுமை முழுவதும் ஒரே நொடியில் உங்கள் கம்பிமேல் விழும். அதற்காக எப்போதும் காலியாக வைத்திருக்கிற மின் உற்பத்தி அளவுக்கு யார் பணம் கட்டுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கந்தகம் பற்றி ஒரு வரி சொல்லாமல் போனால் என் கூட்டாளிகள் விடமாட்டார்கள். வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்று கலக்கிற கந்தகச் சேர்மம் நிக்கலுக்கு விஷம். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் வடிகட்டிக் கலன்கள், அவை நிரம்பினதும் கழற்றி மாற்றவேண்டும். அமெரிக்காவில் அந்தப் பழைய கலன்களில் பென்சீனும் சேர்ந்துகொண்டு, அது அபாயக் கழிவா இல்லையா என்று அரசோடு இழுபறி நடந்தது. இங்கே அதைக் கழற்றப்போவது யார், எந்தக் கையுறையோடு, லாரி எங்கே கொண்டுபோகும்? துவாஸில் அதற்கு உரிமம் பெற்ற கழிவு நிறுவனங்கள் உண்டு, விண்ணப்பத்தில் எழுதச் சொன்னால் போதும்.

மிச்சச் சூட்டைப் பற்றி ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். ஜப்பானில் 2009இலிருந்து எனே-ஃபார்ம் என்று வீட்டுக்கு வீடு சின்ன ஃபியூல் செல் வைத்து, லட்சக்கணக்கில் விற்றார்கள். மின்சாரம் 700 வாட், கூடவே குளிக்கச் சுடுதண்ணீர். நம் ஊரில் சுடுதண்ணீருக்கு அவ்வளவு கிராக்கி இல்லை, நமக்கு வேண்டியது குளிர். சூட்டை வைத்துக் குளிர்நீர் செய்கிற உறிஞ்சு சில்லர்கள் இங்கே புதிதில்லை, கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் கூடங்களுக்கே வெட்டின மரக்கிளைகளை எரித்துத்தான் அப்படிக் குளிர் எடுக்கிறார்கள். ஃபியூல் செல்லில் பெரும்பாலான சூட்டை உள்ளேயே பயன்படுத்திவிடுவதால் வெளியே கிடைப்பது கொஞ்சம்தான். இருந்தாலும் ஒரே ஒரு இடத்தில் சில்லரோடு சேர்த்து ஓட்டிப் பார்த்து எண்ணை வெளியிட்டால் எல்லாருக்கும் பயன்படும்.

மெத்தனால் வகைக்கு என்னிடம் பெரிய ஆசை இல்லை. 2009இல் தோஷிபா கையடக்கமாக ஒன்று விட்டு 3,000 பெட்டியோடு நிறுத்திக்கொண்டது. சவ்வு வழியாக மெத்தனாலே கசிந்து மறுபக்கம் போய்விடுகிறது, அதனால் திறன் மட்டு. ஆனால் 2023 ஜூலையில் லாரா மெர்ஸ்க் கப்பலுக்கு இங்கே மெத்தனால் நிரப்பினோம், சரக்கு துறைமுகத்துக்கு வருகிறது. கட்டுமானத் தளங்களில் ஒரு சிசிடிவி கம்பத்துக்கும் நாலு விளக்குக்கும் ராத்திரி முழுக்க ஒரு டீசல் ஜென்செட் இரைவதை, பக்கத்திலேயே படுத்துறங்குகிற நம் ஊர்த் தம்பிகளைக் கேட்டால் சொல்வார்கள். அந்த மாதிரி இடத்துக்கு, சின்ன அளவில், இது சரியாக வரும்.

ஆக நான் கேட்பது இவ்வளவுதான். பெட்டி வைக்க அனுமதி கேட்டு வருகிறவரிடம் முதல் நாள் திறனைக் கேட்காதீர்கள், ஸ்டேக் மாற்றுகிற வரைக்குமான ஒவ்வொரு ஆண்டுக்கும் உள்ளே போன வாயு எவ்வளவு, ஊதுகுழலும் பம்பும் தின்றது போக வெளியே வந்த யூனிட் எவ்வளவு என்று இரண்டு மீட்டர் வைத்து, அந்த எண்ணை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு மெகாவாட்டுக்கு மேல் வைக்கிறவர் எரிபொருள் பக்கக் கழிவைத் தனிக் குழாயில் எடுத்தே ஆகவேண்டும், பிடிக்கிற கருவி இன்று இல்லாவிட்டாலும் அதற்கான இடமும் இணைப்பும் வரைபடத்தில் இருக்கவேண்டும் என்று விதி போடுங்கள். முடியாது என்கிறவர்கள் கம்பியிலிருந்தே வாங்கிக்கொள்ளட்டும், அதனால் நாடு ஒன்றும் இழக்கப்போவதில்லை. வரம்புக்குக் கீழே நிற்கிற பெட்டிகளுக்கு வரி எப்படி என்று சுற்றுப்புற வாரியத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், விண்ணப்பங்கள் குவிகிறதற்கு முன்னால்.

அடுத்த முறை கருத்துக் கேட்பு நடத்தும்போது விற்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் மட்டும் கூப்பிடாமல் வடிகட்டி மாற்றுகிறவர்களில் நாலு பேரையும் கூப்பிடுங்கள். நேரம் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
கிழக்கு வட்டாரத்தில் வேலை பார்க்கும் ஒரு மின் பராமரிப்பாளர்